டேனரி கிடங்கில் எம்சி3090: பேட்டரி தீர்ந்தால் செயலி என்ன ஆகும்?

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் ஃபினிஷ்டு லெதர் கிடங்கில் பல வருடமாக இந்தப் பார்கோடு ஸ்கேன் செய்யும் கையடக்கக் கருவிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். மோட்டோரோலா எம்சி3090. சிம்பல் கம்பெனி உருவாக்கிய வரிசை. 2007இல் மோட்டோரோலா கைக்கு மாறி, 2014இல் ஜீப்ராவிடம் போய்ச் சேர்ந்தது. உடம்பு கெட்டி. பஃபிங் தூசி, கத்திரி வெயிலில் கொதிக்கும் தகரக் கூரை, லாரியில் பண்டல் ஏற்றும்போது கைநழுவி விழுவது எல்லாவற்றையும் தாங்கிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தலைவலி கொடுத்தது செயலியை வைக்கும் இடம்தான். இதன் இயங்குதளமான விண்டோஸ் சிஇயில் சும்மா நிறுவினால் செயலி ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் போய் உட்காரும். அது நீர்மேல் எழுத்து. பேட்டரி அடியோடு தீர்ந்தாலும் சரி, பவர் பட்டனோடு 1, 9 இரண்டையும் சேர்த்து அழுத்தி கோல்டு பூட் (ராமைத் துடைத்து முதலிலிருந்து துவக்குவது) செய்தாலும் சரி, சுத்தமாகப் போய்விடும். எங்களுக்குக் கருவி விற்றவர் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தார். பொங்கல் லீவு முடிந்து வந்தால் திரையில் ஸ்டைலஸால் தொடச் சொல்லும் பிளஸ் குறி மட்டும் நிற்கும். அவர் லேப்டாப்போடு வருவார், விசிட் சார்ஜ் வாங்குவார், “பேட்டரியைத் தீர விடாதீங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போவார். லீவில் கிடங்கைப் பூட்டினால் மெயினையும் அணைக்கிற ஊரில் இது என்ன ஆலோசனையோ!

வழி கருவியிலேயே இருந்தது. ‘அப்ளிகேஷன்’ என்ற ஃபோல்டர், பேட்டரி தீர்ந்தாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. கோல்டு பூட் அதைத் தொடாது. செயலியை நிறுவும் கேப் கோப்புகளை அங்கே வைத்தோம். கூடவே ஒரு சிபிஒய் கோப்பு. அதில் இருப்பது ஒரே வரி: இந்த ஷார்ட்கட்டை விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்கு நகலெடு. கருவி எழுந்ததும் அந்த ஷார்ட்கட் ஒரு சின்ன நிரலை ஓட்டும். அது முதலில் செயலி ஓடத் தேவையான டாட்நெட் காம்பாக்ட் ஃபிரேம்வொர்க், பிறகு தரவுதளமான எஸ்க்யூஎல் சிஇ, கடைசியில் எங்கள் செயலி என்று வரிசையாக நிறுவும். வரிசை மாறினால் செயலி திறக்காது. வைஃபை மாதிரி அமைப்புகளுக்கு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதியும் ஒரு ரெக் கோப்பு. திரைத் தொடு அளவீட்டையும் ரெக் கோப்பில் வைக்கலாம். ஆனால் அது கருவிக்குக் கருவி மாறும். ஒன்றில் எடுத்ததை எல்லாவற்றுக்கும் போட்டால் விரல் ஓரிடம், கர்சர் ஓரிடம்.

கேப் கோப்பில் இன்னொரு குசும்பு உண்டு. நிறுவி முடித்ததும் நிறுவி நிரல் கேப்பையே அழித்துவிடும். ரீட் ஒன்லி ஆக்கி வைத்தால்தான் அடுத்த முறைக்கு மிஞ்சும்.

எஸ்டி கார்டில் வைத்தால் போதுமே என்பார்கள். கேப்பைச் சேமிக்க ஓகே. ஆனால் செயலியையே கார்டிலிருந்து ஓட்டினால், கருவி தூங்கி எழும்போது கார்டு மறுபடி இணைய ஒரு நொடி எடுக்கும். அதற்குள் செயலி விழுந்துவிடும். பண்டலை ஸ்கேன் செய்துகொண்டே சதுர அடி எழுதும் பையனுக்கு அது போதும், கருவியை மேஜையில் வைத்துவிட்டு நோட்டை எடுத்துவிடுவான்.

அனுப்பாத ஸ்கேன் பதிவுகளும் ஃபிளாஷில்தான் இருக்க வேண்டும். அப்புறம் கடிகாரம்: கோல்டு பூட்டுக்குப் பின் தேதி ஏதோ பழைய வருடத்துக்கு ஓடிவிடும். செயலி திறந்ததும் சர்வரிடம் நேரம் கேட்கும்படி எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்வர்டு ரிஜிஸ்டர் (சரக்கு வரவுப் பதிவேடு) கேலிக்கூத்தாகும்.

இப்போது பாதி கருவிகள் ஜீப்ராவின் ஆண்ட்ராய்டு. பேட்டரி பயம் போய்விட்டது. ஆனாலும் ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயை ‘என்டர்பிரைஸ்’ பகுதியில் வைத்திருக்கிறோம். என்டர்பிரைஸ் ரீசெட் அதை விட்டுவைக்கும், ஃபேக்டரி ரீசெட் துடைத்துவிடும். இரண்டும் வேறு என்பதை ஸ்டோர் கீப்பருக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பழைய எம்சி3090 செகண்ட்ஹேண்டில் மலிவாக வருகிறது. சிஇ 5.0க்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பான இணைப்பு முறை தெரியாது, புதிய சர்வர்கள் அதோடு பேசாது. உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. செயலியோடு சேர்த்து விற்கிறார்கள் என்றால், காசு கொடுப்பதற்கு முன் விற்பவர் எதிரிலேயே 1, 9, பவர் மூன்றையும் அழுத்திப் பாருங்கள்.