நர்ஸ் படிப்புக்கு உயிலில் ஒரு பங்கு

இந்த முறை பாரிஸிலிருந்து புதுச்சேரி வந்தது அம்மாவின் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக. கடலூர் ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். டாக்டர் கெட்டிக்காரர், பில் நியாயம், லிஃப்ட் மட்டும் அதற்கு மனசு வந்தால்தான் ஓடும்.

நான் சொல்ல வந்தது நைட் டியூட்டி சிஸ்டரைப் பற்றி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து, "மூச்சை இழுத்து விடுங்கம்மா, இப்ப திரும்பலாம்" என்று மெதுவாகப் புரட்டுவார். குதிகால் மெத்தையில் அழுந்திப் புண்ணாகாமல் இருக்க, கெண்டைக்காலுக்குக் கீழே டவலைச் சுருட்டி வைப்பார். டிஸ்சார்ஜ் அன்று கவர் நீட்டினேன். "வேணாம்ணா, வாங்கக் கூடாது" என்றார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, மூன்று வருஷ ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமோ முடித்தவர், மேலே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதாவது டிப்ளமோ முடித்த நர்ஸ்களுக்கான பட்டப்படிப்பு, படிக்க ஆசை. "ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம வீட்டை யாருண்ணா பாக்கறது?"

ஆஸ்பத்திரி முழுக்க வீல்சேர், வாட்டர் கூலர், பெஞ்ச் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் நினைவாக என்று பெயிண்டில் பெயர் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது வீல்சேர் இல்லையே. தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பாருங்கள், கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் தாங்களே பயிற்சி கொடுத்துத்தான் அத்தனை வேலையையும் நடத்துகிறார்கள். குணமாகிப் போகிறவர்கள் நன்கொடை கொடுக்கும்போது கொஞ்சம் இந்த ஊழியர் படிப்புப் பக்கமும் திரும்பலாம்.

கணக்குப் பிரிவில் விசாரித்தேன். அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஃபீஸ் கட்டுகிற மாதிரி கொடுக்கலாமாம், அதைக் கார்ப்பஸ் நிதி என்கிறார்கள். பத்து லட்சம் போட்டு ஏழு சதவீதம் வந்தால் வருஷத்துக்கு 70,000 ரூபாய். இது கார்ப்பஸுக்குத்தான் என்று கொடுப்பவர் எழுத்தில் தர வேண்டும், இல்லையென்றால் அந்த வருஷத்துச் செலவோடு செலவாகக் கலந்துவிடும்.

என்னை மாதிரி பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தாலும் நம் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அந்த டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இருக்க வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் அவர்களுக்கு உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டை விடாத என்.ஆர்.ஐ.களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இப்போதே பத்து லட்சத்துக்கு எங்கே போவது என்பவர்களுக்குத்தான் உயில். இந்தியாவில் எழுதும் சாதாரண உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை (என்றாலும் பதிந்துவிடுங்கள், நம் சொந்தக்காரர்களை நமக்குத் தெரியாதா?). பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய பங்கில் கை வைக்க முடியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்குப் போக, மிச்சம் ஒரு பங்குதான் என் இஷ்டம். அதில் ஒரு பகுதி இதற்கு என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. மகள் சரி என்றாள், மகன் தோளைக் குலுக்கினான்.

ஒன்றில் மட்டும் நான் கறார். யார் படிக்க வேண்டும் என்று கொடுப்பவர் கை காட்டக் கூடாது, அந்த சிஸ்டருக்கே என்று நானும் எழுதவில்லை. இல்லையென்றால் வசதியான நோயாளியின் கட்டிலுக்கு மட்டும் கவனிப்பு கூடிவிடும். உயில் பேச்சை வார்டில் எடுக்கவே கூடாது, வீட்டுக்குப் போய் உடம்பு தேறியபின் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், உயிலில் ஒரு கோர்ஸின் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். நாம் போய்ச் சேரும்போது அந்தப் படிப்பே இருக்குமோ என்னவோ. 'நர்ஸ், லேப் டெக்னீஷியன் உள்ளிட்ட ஊழியர்களின் படிப்புக்கு' என்று பொதுவாக எழுதி, எந்தப் படிப்பு என்பதை டிரஸ்டிகள் முடிவு செய்யலாம் என்று சேர்த்துவிடுங்கள்.