150 பாகை என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள்

ஜாதகத்தில் 'குயின்கன்ஸ்' (இரண்டு கிரகங்களுக்கு இடையே 150 பாகை, அதாவது 150 டிகிரி இடைவெளி) இருக்கிறது, பரிகாரம் செய்யாவிட்டால் ஆபத்து என்று யாராவது உங்களிடம் சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் மேற்கத்திய முறையில் பலன் எழுதித் தரும் ஒருவரிடம் நான் பட்ட பாடு இது.

முதல் அறிக்கை இலவசம். அதில் சந்திரனுக்கும் சனிக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே தடித்த எழுத்தில், சனி உங்கள் சந்திரனை 150 பாகையில் பிடித்திருக்கிறார், தாயாரின் உடல்நலம் கெடும், உங்களுக்கு மனநிம்மதி இருக்காது என்று எழுதியிருந்தார். விரிவான பலனுக்குக் கட்டணம். பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம். தாயாரை இழுத்துவிட்டால் யார்தான் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்? இரண்டையும் கட்டினேன்.

விரிவான அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் கிரக நிலைகள் இருந்தன. சந்திரன் மேஷம் 4 பாகை, சனி கன்னி 11, செவ்வாய் விருச்சிகம் 2. ஒரு ராசிக்கு 30 பாகை. மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் கன்னி 11 என்பது 161. அதில் 4 போனால் 157. இதைத்தான் 150 என்று கோடு போட்டிருக்கிறார்.

சற்று முன்பின் இருந்தால் என்ன என்று கேட்கலாம். கிரகங்களுக்கு இடையே உள்ள இந்தக் கோண இடைவெளிகளைத்தான் பார்வை என்கிறார்கள். 120, 180 போன்ற பெரிய பார்வைகளுக்கு 8 பாகை வரை விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. 30, 45, 135, 150 ஆகிய சிறு பார்வைகளுக்கோ 2 பாகை, மிஞ்சினால் 3. அதைத் தாண்டினால் பார்வையே கிடையாது என்பதுதான் அந்த முறையைப் பயில்பவர்களின் பொதுவான வழக்கம். மென்பொருளில் இந்த வரம்பை எவரும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் 8 என்று வைத்துவிட்டால் எவருடைய ஜாதகத்திலும் சிலந்தி வலை போலக் கோடுகள் முளைக்கும். ஒவ்வொரு கோடும் அவருக்கு ஒரு பரிகாரம், ஒரு கட்டணம். மேற்கத்திய ஜோதிடத்தின் பழைய நூலாசிரியர் தாலமி காலத்துக் கணக்கில் 30-ம் 150-ம் பார்வையாகவே சேரவில்லை. ஒன்றையொன்று காணாத நிலைகள் என்று ஒதுக்கிவைத்தார்கள். 72, 144, 135 ஆகியவற்றைச் சேர்த்தவர் வானியலாளர் கெப்ளர். இத்தனை பிற்காலச் சேர்க்கைகளை வைத்துக்கொண்டு தாயாரின் உடல்நலத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்கள்!

7 பாகை வித்தியாசத்தைக் கேட்டேன். உங்கள் பிறந்த நேரம் தவறாக இருக்கும், நேரத் திருத்தம் செய்து தருகிறேன், அதற்குக் கட்டணம் இவ்வளவு என்று பதில் வந்தது. சந்திரன் ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகரும். அந்த 7 பாகையைச் சரிக்கட்ட ஏறக்குறைய 13 மணி நேரம் தள்ள வேண்டும். விடியற்காலையில் பிறந்த நான் மாலையில் பிறந்திருக்க வேண்டும்! இதைச் சொன்னதும் நேரத் திருத்தப் பேச்சு நின்றது, 'யோட்' வந்தது.

இது இன்னும் பெரிய பூச்சாண்டி. இரண்டு கிரகங்கள் தமக்குள் 60 பாகையிலும், இரண்டுமே மூன்றாவது ஒன்றுக்கு 150 பாகையிலும் இருந்தால் அது யோட். கடவுளின் விரல் என்றும் சொல்வார்கள். சனி, செவ்வாய் இரண்டும் சேர்ந்து உங்கள் சந்திரனை நோக்கி விரல் நீட்டுகின்றன என்றார். என் சனிக்கும் செவ்வாய்க்கும் இடையே 51 பாகைதான். வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்கும் சந்திரனுக்கும் குறுகிய பக்கமாக எண்ணினால் 152 வருகிறது. ஜாதகத்தில் உண்மையாகவே இருக்கும் குயின்கன்ஸ் அதுதான். அதற்கு அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை. சனி என்றால்தானே ஆள் பயப்படுவார்!

மேஷத்துக்குக் கன்னி ஆறாமிடம், சஷ்டாஷ்டகம் (ஒன்றுக்கொன்று ஆறும் எட்டுமாக அமைவது) ஆயிற்றே என்று சிலர் சொல்வார்கள். அது நம் ஊர் ஜோதிடத்தின் ராசிக் கணக்கு. அந்த முறைக்குப் போனாலும் சனிக்குப் பார்வை 3, 7, 10-ஆம் இடங்களுக்குத்தான். கன்னிக்கு மேஷம் எட்டாமிடம். இரண்டு முறைகளையும் கலந்து, பயமுறுத்தத் தோதானதை மட்டும் பொறுக்கி எடுப்பது எந்த ஜோதிடத்திலும் சேர்த்தி இல்லை.

தோழி ஒருத்தியும் இவரிடமே பலன் வாங்கியிருக்கிறாள். அவளுக்குச் சுக்கிரனும் சனியும் 30 பாகையாம். கிரகப் பெயரை மட்டும் மாற்றி, எனக்கு எழுதிய அதே பத்திகள். 'வாழ்க்கை' என்பதை 'வாழ்கை' என்று எழுதிய பிழை கூட அதே இடத்தில்.

யாரிடம் போனாலும் கிரகங்களின் பாகை, கலையை (ஒரு பாகைக்கு 60 கலை) முதலில் எழுத்தில் வாங்குங்கள். சிறு பார்வைக்கு எத்தனை பாகை வரம்பு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். லக்னத்தை வைத்துப் பேசினால் பிறந்த நேரம் எவ்வளவு துல்லியம் என்பதையும் பாருங்கள். லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்ந்துவிடும். சொல்ல மறுத்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இப்படிச் சந்தேகப்பட வைப்பதே அந்தச் சனிதான் என்று எழுதினார். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். எங்கள் இருவரின் அறிக்கைகளையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.