கணையம் கெட்டு வந்த சர்க்கரைக்கு எந்தச் சாப்பாடு? ஃபிரிட்ஜ் கதவில் இருந்த நான்கு தாள்கள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சமயம் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தன. மூன்றும் என் தம்பிக்காக. முதல் தாள் வழக்கமான சர்க்கரை நோய் டயட் சார்ட்: அரிசியைக் குறை, கம்பு கேழ்வரகு சேர், பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடு, எடையைக் குறை. இரண்டாவது, வயிற்று வலிக்குக் காட்டிய இடத்தில் கொடுத்தது: எண்ணெய் வேண்டாம், தேங்காய் வேண்டாம், முட்டை மஞ்சள் கரு வேண்டாம். மூன்றாவது அவனுடைய நண்பர் அனுப்பிய பேலியோ பட்டியல்: சோறு, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டை, வெண்ணெய், பாதாம், கறி.

மூன்று தாளும் ஒன்றாக அனுமதித்தது என்னவென்று பார்த்தால் கீரையும் வெள்ளரிக்காயும்தான் தேறின. அப்போது அவன் எடை 43 கிலோ.

அவனுக்கு வந்தது சாதாரண சர்க்கரை இல்லை. கணையத்தில் கல். பள்ளிக்கூடம் முடிக்கும்போதே வயிற்று வலி தொடங்கியது, முப்பதுக்குள் சர்க்கரையும் வந்துவிட்டது. கணைய நோயால் வருகிற இந்த வகையை டாக்டர்கள் டைப் 3சி என்று எழுதுவார்கள். எங்கள் குமரிப் பக்கத்துக்கும் கேரளத்துக்கும் இது புதிய நோய் இல்லை. 1959ல் சூய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில் இதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். 1985ல் உலக சுகாதார நிறுவனம் இதை ஊட்டக்குறைவோடு தொடர்புள்ள நீரிழிவு என்ற தலைப்பில் வைத்தது. 1999ல் அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டு, கணைய நோய்களால் வரும் நீரிழிவோடு சேர்த்தது. மது குடித்துக் கணையம் கெட்டவர்கள், அறுவை சிகிச்சையில் கணையத்தை எடுத்தவர்கள் எல்லோரும் இந்த டைப் 3சி கூட்டத்தில்தான் வருவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும் முன் ஒன்று புரிய வேண்டும். டைப் 2 சர்க்கரையில் பெரும்பாலும் இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. இங்கே கணையமே அழிந்துகொண்டு வருகிறது. அதனால் மூன்று பொருள் ஒன்றாகக் குறைகின்றன. ஒன்று, சர்க்கரையை இறக்கும் இன்சுலின். இரண்டு, சர்க்கரை தாழ்ந்தால் ஏற்றிவிடும் குளுக்ககான். மூன்று, கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் செரிக்கும் கணைய நீர். முதல் மூன்று தாளும் தவறியது இங்கேதான். ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றை மட்டும் பார்த்து எழுதியது.

முதல் தாள்: சர்க்கரை நோயாளி டயட்

தொப்பையும் டைப் 2வும் உள்ளவருக்கு இது நல்ல தாள். என் மாமாவுக்கு இதே தாளில் சுகர் இறங்கியது. தம்பிக்கு இறங்கியது எடை. 100 கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து 11 கிராம் வாக்கில் இருக்கும், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்குள். டைப் 2க்கு அது வரம். கணைய நீர் குறைந்தவருக்கு அதிக நார்ச்சத்து, அந்த நீரில் செரிக்க வைக்கும் பொருளான என்சைமின் வேலையைக் குறைக்கும், வயிறு உப்பும், வாயு சேரும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். சத்து தேவைப்படுகிற ஆளுக்குச் சத்து உள்ளே போகும் வழியை அடைப்பது மாதிரி ஆகிவிடும். கேழ்வரகு விஷம் என்று சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு அடை, சரி. மூன்று வேளையும் சிறுதானியம், நடுவில் முளைகட்டிய பயறு, இரவு வெறும் சாலட் என்பது ஒல்லியான கணைய நோயாளிக்கு ஆகாது.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. இனிப்பு, ஜூஸ், குளிர்பானம் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு, மாவுச்சத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வை. இவை மூன்றையும் நாங்கள் இன்றும் விடவில்லை.

இரண்டாவது தாள்: எண்ணெயே வேண்டாம்

எனக்கு அதிகம் மனவருத்தம் தந்தது இந்தத் தாள்தான், ஏனென்றால் நான் இதை மிகவும் நம்பினேன். ஏறக்குறைய ஒரு வருடம் அவனுக்குத் தாளிக்காத குழம்பு, தேங்காய் போடாத அவியல், ஆவியில் வெந்த மீன். வலி பெரிதாகக் குறையவில்லை. பசிக்கு ரொட்டி, ரஸ்க், இட்லி, கஞ்சி என்று மாவுச்சத்து ஏறியது, சாப்பாட்டுக்குப் பின் சுகர் 300ஐத் தாண்டியது.

10 கிராம் எண்ணெயில் 90 கலோரி இருக்கிறது. இளைத்துப்போனவனிடமிருந்து அதைப் பிடுங்கினால் ஈடுகட்ட வழி கிடையாது. அதோடு வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். ஏற்கெனவே கொழுப்பு செரிக்காமல் வெளியே போகிறது. நாமும் சேர்ந்து நிறுத்தினால் எலும்பு மெலியும், மாலையில் கண் மங்கும். கணைய நீருக்கு ஈடாகச் சாப்பிடும் என்சைம் மாத்திரை எளிதாகக் கிடைக்காத காலத்தில் கொழுப்பைக் குறைப்பது ஒன்றுதான் வழியாக இருந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் உட்பட இப்போதைய பரிந்துரை வேறு: என்சைமைச் சரியாகக் கொடு, கொழுப்பை வழக்கமான அளவில் சாப்பிட விடு, அப்படியும் செரிக்காவிட்டால் மட்டும் குறை.

இந்தத் தாள் சரியாக இருக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், யாரும் என் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1000ஐத் தாண்டி அதனால் கணையம் வீங்கியவருக்குக் கொழுப்பைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். கடும் வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களில் டாக்டர் சொல்வதே சாப்பாடு.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது தேங்காய் எண்ணெயைப் பற்றி. அது என்சைம் இல்லாமலே செரிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. எளிதில் செரிக்கும் எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் பெரும்பாலும் 8, 10 கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்களால் ஆனது. தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். பாதி அளவுக்கு இருப்பது லாரிக் அமிலம், அது பெருமளவு மற்றக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்ளும். அதனால் தேங்காய் எண்ணெயில் சமைக்கலாம், ஆனால் என்சைம் கேப்சூலை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது தாள்: பேலியோ

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. கொழுப்பைச் செரிக்க முடியாதவனுக்குக் கலோரியில் பெரும்பகுதியைக் கொழுப்பாகக் கொடுக்கிற தாள் இது. ஆறு நாள் தாங்கினான். ஏழாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, “அக்கா, கை நடுங்குது” என்றான். சட்டையைப் பிழியலாம் போல வியர்வை. மீட்டரில் 48.

மாவுச்சத்தை நிறுத்தியவன் இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டிருக்கிறான். சாதாரண ஆளுக்கு அந்த நேரத்தில் குளுக்ககான் ஓடி வந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும். இவனுக்கு அந்தக் காவல்காரனும் இல்லை. டைப் 3சியில் சுகர் ஒருநாள் 350, மறுநாள் 60 என்று ஆடுவதற்கு இது முக்கியக் காரணம். அன்றிலிருந்து பேலியோ தாள் கதவில் இல்லை. அது சொன்ன முட்டையை மட்டும் வைத்துக்கொண்டோம், மஞ்சள் கருவோடு.

அன்றைக்கு நான் இன்னொரு தப்பும் செய்தேன், பிஸ்கட்டைக் கொடுத்தேன். பிஸ்கட் மாவு செரிக்கக் கணைய நீர் வேண்டும், அதிலுள்ள கொழுப்பு இன்னும் தாமதிக்கும். வெறும் சர்க்கரையைச் சிறுகுடலே உடைத்துக்கொள்ளும், குளுக்கோஸுக்கு அதுவும் வேண்டாம். சுகர் தாழ்ந்தால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறின பிறகு இட்லியோ பிஸ்கட்டோ. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

நான்காவது தாள்

இது ஒரே நாளில் குடல் டாக்டர், சர்க்கரை டாக்டர், உணவியல் நிபுணர் மூவரையும் பார்த்த பிறகு வந்தது. முதலில் ஒரு மலப் பரிசோதனை. எலாஸ்டேஸ் என்று பெயர். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணைய நீர் குறைவு, 100க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. தம்பிக்கு நூறைத் தொடவில்லை. என்சைம் சாப்பிட்டுக்கொண்டே இந்தச் சோதனையைச் செய்யலாம், கணக்கு மாறாது. ஆனால் தண்ணீராகப் போகும் நாளில் கொடுத்தால் தவறாகக் குறைத்துக் காட்டும்.

உண்மையில் சோதனைக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழிப்பறையில் மலம் மிதக்கும், எண்ணெய்ப் படலம் தெரியும், இரண்டு வாளி ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெட்கத்தில் அவன் யாரிடமும் சொல்லவில்லை, கழுவிய நானும் கேட்கவில்லை. இந்த வெட்கம் எத்தனையோ பேரை இளைக்க வைத்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது. தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது தாளின் இரவுச் சாப்பாடு: ஒன்றரைக் கப் சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, இரண்டு துண்டு மீன், பயறு தோரன். முதல் தாளின் இரவுச் சாப்பாடு: இரண்டு கேழ்வரகு அடை, ஒரு கிண்ணம் கீரை, வெள்ளரி. முதல் தாளின் தட்டில் புரதம் தேடித்தான் பார்க்க வேண்டும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். அவனுக்கு 52லிருந்து 65 கிராம். முட்டையில் 6, நூறு கிராம் மீனில் 20 வாக்கில் என்று நான் மனக்கணக்குப் போட்டுச் சமைக்கிறேன். மூன்று பெரிய வேளைக்குப் பதில், சின்னதாக ஐந்தாறு வேளை.

கேப்சூல்தான் இந்தத் தாளின் உயிர். பெரிய சாப்பாட்டுக்கு 40,000, 50,000 யூனிட் என்று தொடங்கி, பலகாரத்துக்கு அதில் பாதி கொடுப்பது வழக்கம், டாக்டர் பார்த்துக் கூட்டுவார். எங்களுக்கு 25,000 யூனிட் கேப்சூல் இரண்டு. முதல் வாய் சோற்றோடு ஒன்று, தட்டு பாதியானதும் இன்னொன்று, மெல்லாமல் விழுங்க வேண்டும். முன்பு ஒரு இடத்தில் இதே கேப்சூலை எழுதிக் கொடுத்தபோது எப்போது போடுவது என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டான். எட்டு மாதம் காசும் போனது, பலனும் இல்லை. சோறு முன்னால் போய்விட, என்சைம் பின்னால் தனியாகப் போயிருக்கிறது.

சர்க்கரை டாக்டர் சொன்ன ஒன்றை இந்த நோய் உள்ள வீடுகளில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். என்சைம் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் சாப்பாடு உடம்பில் சேரும், அதனால் சுகர் ஏறும், இன்சுலின் கூட்ட வேண்டி வரும். அது பின்னடைவு இல்லை. தலைகீழாக, இன்சுலினைப் போட்டுவிட்டு கேப்சூலை மறந்தால் சாப்பாடு செரிக்காமல் போய், சுகர் விழும். இன்சுலின் பேனாவும் கேப்சூல் டப்பாவும் இப்போது ஒரே பையில்தான் இருக்கின்றன.

மரச்சீனி பற்றி

கணையக் கல்லுக்கு மரச்சீனிக் கிழங்குதான் (மரவள்ளி) காரணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிழங்கில் உள்ள சயனைடுச் சத்து என்று ஒரு கருத்து ரொம்ப நாள் இருந்தது. மரச்சீனி சாப்பிடாத ஊர்களிலும் இந்த நோய் இருக்கிறது. பலருக்கு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. கிழங்குதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அதனால் அம்மா, “நான்தானே கொடுத்தேன்” என்று அழ வேண்டியதில்லை. இன்றைக்குச் சாப்பிடலாமா என்றால், நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்து, அளவோடு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் 38 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. சோற்றுக்குப் பதிலாக, மீனோடு, இன்சுலின் கணக்குப் பார்த்து.

பணம், பன்றி, வெயில்

நான்காவது தாளில் குறை இல்லாமல் இல்லை. மற்ற மூன்றுக்கும் மருந்துச் செலவு ஏறாது, இதற்கு மாதா மாதம் கேப்சூல் வாங்க வேண்டும். அது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சைவக்காரர்களும் இஸ்லாமியரும் தயங்குவது இயல்பு. மருந்துக் கடையில் தானாக மாற்று தேடாமல் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. வெயிலில் வைத்தால் வீரியம் குறையும், பைக் பெட்டிக்குள் போட்டுவைக்கக் கூடாது. மதுவும் பீடி சிகரெட்டும் எந்தத் தாளிலும் கிடையாது. இந்த இரண்டும் கணையத்தை மேலும் அழிக்கும்.

பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கும் ஒரு துண்டு கொய்யாவுக்கும் கேப்சூல் தேவையில்லை. பால், பஜ்ஜி, முட்டைக்குத் தேவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கேப்சூல் வீணாவது குறைந்தது. போன மாதம் அவன் எடை 51 கிலோ. இரவு படுக்கும் முன் சுகரைப் பார்க்கிறான். 100க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் ஒரு கேப்சூலும். தலைமாட்டில் குளுக்கோஸ் பொடி டப்பா, பக்கத்தில் ஒரு ஸ்பூன்.