நேப்பிள்ஸில் ஒரு பகல்: பொம்பேயா, காப்ரியா, ஊரேதானா?

மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றும் குரூஸ் கப்பல்கள் பலவும் ஒரு நாள் நேப்பிள்ஸில் நிற்கும். காலை ஏழு, எட்டு மணிக்குக் கரை சேர்ந்து, மாலை ஆறு, ஏழுக்குக் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலுக்கு மூன்று இடங்கள் போட்டி போடும்: வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-இல் சாம்பலில் புதைத்த பொம்பேய், எதிர்க் கடலில் இருக்கும் காப்ரி தீவு, கப்பலை விட்டு இறங்கியதுமே முன்னால் நிற்கும் நேப்பிள்ஸ் நகரம். அம்மா, அப்பா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாகப் போன நாங்கள் ஊருக்குள்ளேயே இருந்தோம். இதே மாதிரிக் குடும்பத்தோடு போகிற யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

காப்ரியை முதலில் முடித்துவிடுகிறேன். விரைவுப் படகுகள் கிளம்பும் மோலோ பெவெரெல்லோ துறை, குரூஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறினால் ஏறக்குறைய 50 நிமிடத்தில் தீவு. ஆனால் தீவில் இறங்கிய பிறகுதான் வேலை ஆரம்பம். துறையிலிருந்து மேலே ஊருக்குப் போக ஃபுனிகுலர் என்ற கம்பிவட மலை ரயில், அங்கிருந்து தீவின் இன்னொரு ஊரான அனாகாப்ரிக்கு பஸ், அப்புறம் 589 மீட்டர் உயர மோந்தே சொலாரோ மலை உச்சிக்கு ஒவ்வொருவராக உட்கார்ந்து போகும் தொங்கு நாற்காலி. சீசனில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. புகழ்பெற்ற நீலக் குகைக்குள் சின்னத் துடுப்புப் படகில் படுத்தபடிதான் நுழைய முடியும். அலை கொஞ்சம் எழுந்தாலும் மூடிவிடுவார்கள். நாங்கள் காப்ரிக்குப் போகவில்லை, அதனால் தீவின் அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கப்பலுக்குத் திரும்பும் வழி கடல் வழி ஒன்றுதான், காற்று பலமானால் படகுகள் ரத்தாகும் என்பது மட்டுமே நாங்கள் அதைத் தள்ளி வைக்கப் போதுமான காரணமாக இருந்தது.

உண்மையான போட்டி பொம்பேய்க்கும் நகரத்துக்கும்தான். பொம்பேய் லேசான எதிராளி இல்லை. ஏறக்குறைய 66 ஹெக்டேர் நகரம், மூன்றில் இரண்டு பங்கு தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் கல்தெருவில் அப்படியே இருக்கிறது. தெருவைக் கடக்கப் போட்ட உயரமான கற்கள், ரொட்டி சுட்ட அடுப்புகள், சூடான சாப்பாடு விற்ற கடைகளின் திண்ணைகள் எல்லாம் அங்கேதான் பார்க்க முடியும். ஒரு ரோமானிய ஊருக்குள் நடக்கிற அந்த உணர்வை எந்த அருங்காட்சியகமும் தராது. வரலாற்றில் ஆர்வமுள்ள பெரியவர்கள் இருவர் மட்டும் போனால் யோசிக்காமல் பொம்பேய் என்பேன்.

குடும்பமாகப் போகும்போது கணக்கு வேறு. துறைமுகத்துக்கு எதிரிலுள்ள முனிச்சிப்பியோ நிலையத்தில் மெட்ரோ ஏறி கரிபால்டி போக வேண்டும். அங்கே சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலுக்கு மாறினால் 35, 40 நிமிடத்தில் பொம்பேய் ஸ்காவி நிலையம். நடை, டிக்கெட், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் போக ஒன்றரை மணி நேரம், வர அதே அளவு. ரயிலில் கூட்டம் நெரியும், உட்கார இடம் கிடைப்பது அரிது. இடிபாடுகளுக்குள் நிழல் குறைவு. ஜூலை வெயிலில் மேடுபள்ளக் கல்லில் முழங்கால் வலி உள்ள ஒருவரை மூன்று மணி நேரம் நடக்க வைப்பது எளிதல்ல. சக்கர நாற்காலிக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனாலும் தூரம் தூரம்தான்.

இவை எல்லாவற்றையும் சமாளிக்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கப்பலுக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது. குரூஸில் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பாகவே இருக்கும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். ஷியோபெரோ என்று நிலையத்தில் எழுதி ஒட்டியிருந்தால் அதுதான். பொம்பேய் போனால் ஒரு ரயில் நம் நாளைத் தீர்மானிக்கும், காப்ரி போனால் ஒரு கடல். நகரத்திலேயே இருந்தால் நம் கால்கள்தான்.

தவறவிடும் பயம் இதில் பாதிதான். கப்பல் பக்கத்தில் இருந்தால் குடும்பத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்பது மீதிப் பாதி, எனக்கு அதுவே பெரியது. மதியம் அப்பாவுக்குக் களைப்பு வந்ததும் அம்மாவும் அவரும் கப்பலுக்குத் திரும்பினார்கள். சாப்பிட்டு, அறையில் படுத்து, மாத்திரை போட்டுக்கொண்டார்கள். நாங்கள் பிள்ளைகளோடு ஊரில் தொடர்ந்தோம். யாருக்காகவும் யாரும் அவசரப்படவில்லை, யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கவில்லை. கழிவறை, தூக்கம், மாற்று உடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும் துறைமுகங்கள் இத்தாலியில் அதிகம் இல்லை. ரோமுக்கான துறைமுகம் சிவிதாவெக்கியாவில் இருக்கிறது, ஃப்ளோரன்ஸுக்கானது லிவோர்னோவில். இரண்டிலும் பேர்போன நகரத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேப்பிள்ஸில் நகரமே துறைமுகத்தில் இருக்கிறது. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, ஊரில் என்ன பார்ப்பது? குரூஸ் நிலையத்துக்கு எதிரே, 1279-இல் கட்டத் தொடங்கிய நுவோவோ கோட்டை. அதை வெளியிலிருந்து பார்த்தால் போதும். முனிச்சிப்பியோவில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் முசேயோ. நடுவில் தொலேதோ நிலையத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். நகரும் படிக்கட்டுக்கு மேலே நீல மொசைக் வெளிச்சம் பிள்ளைகளை நிறுத்திவிடும்.

முசேயோவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பொம்பேயை விட்டுவிட்டோமே என்ற வருத்தத்துக்கு மருந்து இங்கேதான். 1748-இல் அங்கே அகழாய்வு தொடங்கியதிலிருந்து சிறந்த சுவரோவியங்களும் மொசைக்குகளும் வெண்கலப் பொருட்களும் நேப்பிள்ஸுக்குக் கொண்டுவரப்பட்டன. பொம்பேயில் வீடுகள் நிற்கின்றன, அவற்றில் இருந்த பல ஓவியங்கள் இங்கே நிழலில் இருக்கின்றன. எழுத்தாணியும் பலகையும் ஏந்திய மனைவி, சுருளேடு பிடித்த கணவன், இருவரும் நேராக நம்மைப் பார்க்கும் அந்தச் சித்திரத்தின் முன் அம்மா வெகுநேரம் நின்றாள். பிள்ளைகளுக்குப் பிடித்தது 19-ஆம் நூற்றாண்டில் செய்த பொம்பேயின் 1:100 மாதிரி: தெரு தெருவாக முழு ஊரும் கண்ணுக்குக் கீழே.

நமக்கென்று ஒன்றும் இருக்கிறது. 1938-இல் பொம்பேய் வீடு ஒன்றில் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய தந்தச் சிற்பம். சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். லட்சுமி என்று பெயர் நிலைத்துவிட்டது, யட்சி என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. மிளகும் தந்தமும் ரோமுக்குப் போன கடல் வணிகத்தைப் பாடத்தில் படித்திருப்போம். எரிமலை வெடிப்பதற்கு முன்பே நம் பக்கத்துப் பொருள் ஒன்று அந்த ஊர் வீட்டுக்குள் இருந்திருக்கிறது என்பதை நேரில் பார்க்கும்போது மனது நிறைகிறது. ஒன்று கவனம்: இது இருப்பது ரகசிய அறை எனப்படும் பகுதியில், சுற்றிலும் பாலியல் சித்திரங்கள். சின்னப் பிள்ளைகளை ஒருவர் வெளியே பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் மாறி மாறிப் போய் வரலாம்.

அங்கிருந்து இறக்கமாக நடந்தால் பழைய நகரம், 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. ஸ்பக்கனாப்போலி என்ற நேர்கோட்டுத் தெரு, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்கிற சான் கிரிகோரியோ அர்மேனோ சந்து. சான்செவெரோ தேவாலயத்தில் மெல்லிய துணி போர்த்தியதுபோல் பளிங்கில் செதுக்கிய 1753-ஆம் ஆண்டு ஏசு சிலை உண்டு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஸ்கூட்டர்கள் சந்துக்குள் வேகமாக வரும், கைப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு வரம். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூட இல்லை. பொரித்த பீட்சாவுக்குள் பன்றி இறைச்சி வைப்பது வழக்கம், கேட்டு வாங்குங்கள். ரவையும் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸும் அடைத்த ஸ்ஃபோலியத்தெல்லா இனிப்பின் மடிப்புகளில் பன்றிக் கொழுப்பு தடவுவதும் பழைய முறை.

என் முடிவு தலைகீழாகும் நாளும் உண்டு. அருங்காட்சியகம், சான்செவெரோ இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் கப்பல் செவ்வாயன்று நின்றால் பொம்பேயே போங்கள். பிள்ளைகள் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், பெரியவர்கள் நன்றாக நடப்பவர்கள் என்றாலும் அப்படியே. ஆனால் கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே போங்கள், கூடுதல் விலை அந்த உத்தரவாதத்துக்குத்தான். சொந்தமாகத்தான் போவீர்கள் என்றால் நுழைவுச் சீட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்: 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டில் பெயர் இருக்கும். பொம்பேயிலும் அருங்காட்சியகத்திலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.