பன்னிரண்டு வருடமும் ஐந்து குவாண்டம் புத்தகங்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படித்தது பி.காம். கணக்கு எழுதுவது தொழில். இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும்போது படிக்கலாமே என்று வாங்கிய ஒரு புத்தகத்தில் தொடங்கிய பழக்கம், பன்னிரண்டு வருடத்தில் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க குவாண்டம், அதாவது அணு, ஒளி அளவில் உலகம் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் இயற்பியல், என்று வந்து நிற்கிறது. வாங்கிய வாரத்தில் எல்லாப் புத்தகமும் பிரமாதமாகத்தான் இருக்கும். படித்து இரண்டு வருடம் கழித்து மண்டையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் புத்தகம் ஜான் கிரிப்பின் 1984-இல் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் ஷ்ரோடிங்கர்ஸ் கேட்’. மூன்றே நாளில் முடித்தேன். பெட்டிக்குள் பூனை, விஷக் குப்பி, செத்தும் சாகாமலும் ஒரு நிலை. ஆபீஸில் கிடைத்தவர்களை எல்லாம் பிடித்து வைத்துச் சொன்னேன். டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, உசுரோட இருக்கோமா இல்லையான்னு அந்தப் பூனைக்கே தெரியாதா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. 1935-இல் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளர் அந்தப் பூனையைக் கொண்டுவந்ததே, நீல்ஸ் போர் போன்ற சக இயற்பியலாளர்களைப் பார்த்து, ‘உங்கள் விளக்கத்தை இப்படியே இழுத்துக்கொண்டு போனால் எவ்வளவு அபத்தம் பாருங்கள்’ என்று குத்திக்காட்டத்தான். இது எனக்கு உறைக்கவே சில வருடம் ஆயிற்று. புத்தகம் மோசமில்லை. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மூடி வைத்ததும் பூனை மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

அடுத்தது மன்ஜித் குமாரின் ‘குவாண்டம்’, 2008-இல் வந்தது. நாவல் போல ஓடும். 1927-இல் இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டுப் புகைப்படத்தில் 29 பேர், அதில் 17 பேர் நோபல் வாங்கியவர்கள் அல்லது பின்னால் வாங்கப்போகிறவர்கள். 1930-இல் ஐன்ஸ்டைன் ஒளி நிரப்பிய பெட்டி ஒன்றைக் கற்பனை செய்து நீல்ஸ் போரை மடக்கப் பார்க்கிறார். போர் ராத்திரியெல்லாம் தவித்துவிட்டு, மறுநாள் காலை ஐன்ஸ்டைனின் சொந்தச் சார்பியல் கொள்கையையே எடுத்து அவரை மடக்குகிறார். அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஆனால் இது ஆட்டக்காரர்களை எல்லாம் தெரிந்துகொண்டு ஆட்டத்தின் விதி தெரியாமல் இருப்பது போலத்தான். பரிசாகக் கொடுக்க இதைவிட நல்ல புத்தகம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் ‘கியூ.இ.டி.’, ஒளியும் எலக்ட்ரானும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பொதுமக்களுக்காக ஆற்றிய நான்கு சொற்பொழிவுகள், 1985-இல் புத்தகமாயின. ஒல்லியான புத்தகம். நான் முதலில் வாங்கிய பிரதி திருட்டு அச்சு என்று பிரித்த பிறகுதான் தெரிந்தது. இந்தப் புத்தகமே படங்களை நம்பித்தான் நிற்கிறது, அந்தப் பிரதியிலோ படங்கள் வெறும் மைத்திட்டு. இருபது பக்கத்தில் வெறுத்துப்போய் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து நல்ல பிரதி கிடைத்தது, அதோடு ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். கண்ணாடியின் ஒரு பரப்பில் 100 ஒளித்துகள்கள் விழுந்தால், சராசரியாக 4 திரும்பி வரும். கண்ணாடித் தகட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு உண்டே, அப்படியானால் 8 திரும்ப வேண்டும் இல்லையா? அப்படி வருவதில்லை. தகட்டின் தடிமனைப் பொறுத்து, ஒன்றுமே வராததிலிருந்து 16 வரை எது வேண்டுமானாலும் வரும். முன்பக்கத்திலேயே திரும்பிவிடும் துகளுக்குப் பின்னால் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஃபைன்மன் அதற்கு விளக்கம் சொல்வதில்லை, கணக்குப் போடும் வழியைச் சொல்கிறார். ஒவ்வொரு வழிக்கும் (முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று) 0.2 நீளத்தில் ஒரு அம்பு போடு, அதன் வர்க்கம் 0.04, அதுதான் நூற்றுக்கு 4. ஒளி போகும் நேரம் முழுக்க ஒரு கற்பனை ஸ்டாப்வாட்ச் முள் சுற்றுகிறது (சிவப்பு ஒளி என்றால் ஓர் அங்குலத்துக்கு 36,000 சுற்று). முள் நிற்கும் திசைதான் அம்பின் திசை. முன்பக்க அம்பை மட்டும் திருப்பிப் போட வேண்டும், ஏன் என்று அந்த இடத்தில் கேட்கக் கூடாது. இரண்டு அம்பையும் தலையும் வாலுமாகச் சேர்த்து, மொத்த நீளத்தை வர்க்கப்படுத்து. எதிரெதிராக விழுந்தால் பூஜ்யம். ஒரே திசையில் விழுந்தால் 0.4, அதன் வர்க்கம் 0.16, அதாவது நூற்றுக்கு 16.

எனக்கு அதுவரை எந்தப் புத்தகமும் விடை வரவழைக்கக் கற்றுத்தரவில்லை. அன்று நானே போட்டு, 16 வந்தது. ஒரு மழை நாளில் டீக்கடை வாசலில், தேங்கிய தண்ணீர் மேல் வண்டி எண்ணெய் வானவில் நிறமாக மின்னிக்கொண்டிருந்தது. டெஸ்பாட்ச் அண்ணனுக்கு பில்லின் பின்பக்கத்தில் அம்பு போட்டுக் காட்டினேன். எண்ணெய்ப் படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், ஒவ்வொரு நிறத்துக்கும் முள் சுற்றும் வேகம் வேறு, அதனால் ஓரிடத்தில் ஒரு நிறம் ஓங்கித் தெரியும். “இயற்கை ஏன் இப்படிக் கணக்குப் போடுது?” என்றார். அது ஃபைன்மனுக்கும் தெரியாது, அவரே புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார் என்றேன். பூனை விஷயத்தில் விழித்த மாதிரி இந்தத் தடவை விழிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நான்காவது சொற்பொழிவில் அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகள் முதலான நுண்துகள்கள் கூட்டமாக வந்து இறங்கும், மூச்சு முட்டும். டாப் குவார்க் பிடிபட்டதே 1995-இல், ஹிக்ஸ் என்ற இன்னொரு துகள் 2012-இல். அந்தப் பகுதி பழசாகிவிட்டது, தாராளமாகத் தாண்டலாம்.

கார்லோ ரொவெல்லியின் ‘ஹெல்கோலாந்து’ பற்றி இரண்டு வரி போதும். 1925 ஜூனில், 23 வயது இயற்பியலாளர் ஹைசன்பெர்க் மகரந்த ஒவ்வாமைக்குப் பயந்து மரம் மட்டை இல்லாத ஹெல்கோலாந்து தீவுக்குப் போய்க் கணக்குப் போடும் ஆரம்பப் பக்கங்கள் அழகு. அப்புறம் லெனின், பௌத்த தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் என்று போகும்போது நான் கழன்றுகொண்டேன். தத்துவம் பிடித்தவர்களுக்கு அங்கேதான் புத்தகமே தொடங்கும் போல.

அட்டையில் குவாண்டம் என்று போட்டு, உள்ளே பணம் சேர்க்கவும் நோய் போக்கவும் வழி சொல்லும் ரகம் ஒன்று இருக்கிறது. இரண்டு வாங்கினேன். பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.

கடைசியாக லெனார்ட் சஸ்கிண்ட், ஆர்ட் ஃப்ரீட்மன் எழுதிய ‘தியரட்டிகல் மினிமம்’ வரிசையில் குவாண்டம் புத்தகம். இதைப் பொது வாசகருக்கானது என்று சொன்னால் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள், கணிதம் இல்லாமல் நகராது. முதல் தடவை பத்து நாளில் மூடினேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்ததும் அவளுடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். முதல் பாடம் அணிகள் (மேட்ரிக்ஸ்), இரண்டாவது கலப்பெண்கள் (நீளமும் திசையும் கொண்ட அம்பாக வரையக்கூடிய எண்கள்), எனக்கு வேண்டியது அவ்வளவும் தமிழிலேயே இருந்தது. ஃபைன்மனின் அம்பு இந்தக் கலப்பெண்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேண்டுமென்றே பெயரைச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார் மனுஷர்!

இப்போது ஆறாவது விரிவுரையில் நிற்கிறேன், இரண்டு துகள்களைத் தனித்தனியாக விவரிக்க முடியாதபடி அவை பின்னிக்கொள்ளும் இடம். மூன்று மாதமாகப் புத்தகக்குறி நகரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் புத்தகத்தைத் தம்பிக்கு வேண்டும் என்று திரும்பக் கேட்டிருக்கிறாள்.