மீன் இருக்கும்போதே மண் போட்டேன்: மூன்று வருடத்துக்குப் பிறகு

மீன் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம். 2021இல் வாங்கியபோது கடைக்காரர் தந்த ஒரு பை கலர்க் கல்லைத்தான் அடியில் பரப்பியிருந்தேன். 2 சென்ரிமீற்றர் உயரம் வந்திருந்தால் பெரிய காரியம். கப்பி மீனுக்கு அது போதும், செடிக்குக் காணாது. மாலையில் நட்ட வலிஸ்நேரியா காலையில் மேலே மிதக்கும். கிரிப்டோகோரைன் வேர்கள் அடிக்கண்ணாடியில் முட்டி, போக வழியில்லாமல் சுருண்டு கிடந்தன. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2022 ஓகஸ்டில் தொட்டியைக் கலைக்காமலே மண்ணைக் கூட்டினேன்.

எந்த மண் என்பதில்தான் நிறைய நேரம் போனது. செடித் தொட்டிக்கென்றே சத்துச் சேர்த்து விற்கும் அக்வாசொயில் அந்த நேரம் இறக்குமதித் தடைகளால் கண்ணில் படவில்லை. கிடைத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். புதிய அக்வாசொயில் முதல் சில வாரங்கள் அமோனியாவைக் கக்கும். வெறும் தொட்டிக்கு அது பரவாயில்லை, மீன் நீந்தும் தொட்டியில் அதைக் கொட்டுவது விஷப்பரீட்சை. வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடல் கூப்பிடு தூரம். அதனால் கடற்கரை மணலில் ஒரு சிரட்டை அள்ளி வந்து தேசிக்காய்ச் சாறு விட்டேன். சோடா மாதிரி நுரைத்தது. சிப்பித் தூள் கலந்திருக்கிறது. அது தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். எங்கள் கிணற்று நீருக்குக் கேத்தலிலேயே வெள்ளைப் படை பிடிக்கிறது, இன்னும் ஏற்றத் தேவையில்லை.

கடைசியில் பக்கத்து வளவில் வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மண்தான் கைகொடுத்தது. முந்தனை ஆற்று மண் என்று சொல்லித்தான் லொறிக்காரர் பறித்திருந்தார். தேசிக்காய்க்கு அது அசையவே இல்லை.

கணக்கு சுலபம். 60 சென்ரிமீற்றருக்கு 30 என்றால், ஒரு சென்ரிமீற்றர் உயர்த்த 1.8 லீற்றர் மண் வேண்டும். நான் சராசரியாக 4 சென்ரிமீற்றர் கூட்ட நினைத்தேன்: 7 லீற்றருக்குக் கொஞ்சம் மேல், காய்ந்த மண்ணாக 11 கிலோ அளவு. மேசன் அரிதட்டில் ஒருமுறை அரித்துப் பருக்கைக் கல்லை நீக்கினேன். தூசியை நீக்க அம்மாவின் மா அரிதட்டை எடுத்தேன். அதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் தீரவில்லை. பிறகு வாளியில் கழுவல். ஏழெட்டுத் தடவையில் தெளியும் என்று நினைத்தேன், பதினைந்தைத் தாண்டியது.

போடும் வேலையைக் கரண்ட் கட் நேரத்துக்கு வைத்துக்கொண்டேன். எப்படியும் பில்டர் நிற்கும் நேரம் அது. தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, ஒன்றரை அங்குல பிவிசி குழாயை அடிவரை பிடித்து, அதற்குள் சிரட்டையால் மண்ணை விட்டேன். குழாய் இல்லாமல் கொட்டினால் இலையெல்லாம் மண் மூடும். கிரிப்டோகோரைனின் நடுக்குருத்து புதையக்கூடாது, புதைந்தால் அழுகும். கட்டையில் கட்டியிருந்த அனுபியாஸ் செடியைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். அன்றைக்குப் பாதி, ஒரு வாரம் விட்டு மீதிப் பாதி. பில்டர் பஞ்சைத் தொடவே இல்லை. நல்ல பக்டீரியா கூடுதலாக அங்கேதான் குடியிருக்கிறது. பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரித்து விட்டேன்.

கலங்கல் இரண்டு நாளில் தெளிந்தது. இரண்டாம் வாரம் கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடி மாதிரி ஊடுதெரிந்து கரைந்தன. இடம் மாறினாலோ வேர் அசைந்தாலோ இந்தச் செடியின் குணமே அதுதான். பிடுங்கி எறியாமல் விட்டேன், ஒரு மாதத்துக்குப் பிறகு குருத்து வந்தது. எனது செடி வென்டி இனம், இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதது. எங்கள் நாட்டுச் செடிக்கு இந்த நளினம்!

அப்புறம் நான் செய்த முட்டாள்தனம். ஆற்று மண்ணில் சத்து என்று எதுவும் இல்லை. அது வேருக்குப் பிடி மட்டும்தான் தரும். களிமண் உருண்டைக்குள் உரம் வைத்துப் புதைக்கலாம் என்று கேள்விப்பட்டு, படுவான்கரையில் வயல் செய்யும் மச்சானிடம் ஒரு பிடி யூரியா கேட்டேன். உரம் தங்கம் மாதிரி விற்ற காலம்.

"வயலுக்கே காணாம கிடக்கு, நீ மீனுக்குக் கேக்கிறாய் மச்சான்?" என்றார். என்றாலும் தந்தார்.

ஆறு உருண்டை புதைத்தேன். மறுநாள் காலையில் கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பது செத்தன. யூரியா தண்ணீரில் உடைந்தால் அமோனியா. தண்ணீர் காரத்தன்மையாக இருந்தால் அதன் விஷம் இன்னும் கூடும். குளோரின் இல்லாத கிணற்று நீர் என்பதால் உடனே பாதித் தண்ணீரை மாற்ற முடிந்தது, இல்லாவிட்டால் மிச்சமும் போயிருக்கும். உருண்டைகளைக் கரண்டியால் தோண்டி எடுத்தேன். அதற்குப் பிறகு மீன் கடையில் விற்கும், வேரடியில் புதைக்கிற உர மாத்திரைதான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, நன்றாக வேர் விடும் செடிகளின் அடியில் மட்டும்.

மூன்று வருடம் கழித்து இன்றைக்கு வலிஸ்நேரியாவை வெட்டிவிட வேண்டியிருக்கிறது, அவ்வளவு கொடி ஓடுகிறது. கிரிப்டோகோரைன் ஒன்று எட்டாகிவிட்டது. குறை என்று பார்த்தால் பழைய கல்தான். மணல் சிறிது, கல் பெரிது. மணல் இடுக்கு வழியே கீழே இறங்க, கல் ஒவ்வொன்றாக மேலே வந்து நிற்கிறது. பார்க்கச் சொறி பிடித்த தரை மாதிரி இருக்கிறது. முதலில் அந்தக் கல்லை அள்ளிவிட்டு மண் போட்டிருக்க வேண்டும். சோம்பலில் விட்டேன், அதன் பலன் கண்ணெதிரே இருக்கிறது.

பின்மூலையில், செடி இல்லாத இடத்தில், போன வருடம் கண்ணாடியோரமாகக் கறுப்புத் திட்டு தெரிந்தது. ஈர்க்கால் குத்தியதும் குமிழி வந்தது, கூழ்முட்டை நாற்றம். காற்றுப் போகாத மண்ணில் வரும் வாயு அது. இப்போது வாரம் ஒருமுறை அந்த மூலையை மட்டும் ஈர்க்கால் மெல்லக் கிளறிவிடுகிறேன். வலிஸ்நேரியாவோடு ஒட்டி வந்த ட்ரம்பெட் நத்தைகள் மண்ணுக்குள் புகுந்து மற்ற இடங்களைப் பார்த்துக்கொள்கின்றன. வேர் அடர்ந்த பக்கம் கறுப்பே இல்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் வேகமாக வற்றும். அதைக் கிணற்று நீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால் உப்புகள் சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். பீலியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரால்தான் இப்போது நிரப்புகிறேன்.

அடுத்தது 3 அடித் தொட்டி. அதில் முதல் நாளே மண் 7 சென்ரிமீற்றர் இருக்கும், கலர்க் கல் வாசலைத் தாண்டாது. குளத்தில் இருந்து கொட்டிக்கிழங்கு கொண்டு வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார், நான் யூரியாக் கதை எடுக்காவிட்டால்.