புகையில்லா அடுப்பும் நானும்: 2014 முதல் இன்று வரை

எங்கள் வீட்டில் காபிக்கும் அவசரத்துக்கும் கேஸ் இருக்கிறது. சோறு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகில்தான். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு என்பதால் தென்னை மட்டைக்கும் விறகுக்கும் பஞ்சமில்லை. 2014-ல் பழைய மண்ணடுப்பை இடித்துவிட்டு, புகையில்லா அடுப்பு கட்டினோம். முன்னால் விறகு வைக்கும் பெரிய அடுப்பு, பின்னால் அதன் சூட்டிலேயே வேகும் துணை அடுப்பான கொடியடுப்பு, அதற்கும் பின்னால் நாலு அங்குலக் குழாய். குழாய் சுவர் வழியாக வெளியேறி, ஓட்டுக்கு மேல் மூன்றடி நிமிர்ந்து நிற்கும். உச்சியில் மழைக்கு ஒரு தகரத் தொப்பி.

கட்டிக்கொடுத்த கொத்தனார் அண்ணன், 1980-களில் மத்திய அரசு இந்த அடுப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனபோது பயிற்சி எடுத்தவர். அந்தத் திட்டம் 2002-ல் நின்றுபோனது. கட்டிய அடுப்புகளில் நிறைய, குழாய் அடைத்துக்கொண்டு, வீட்டுக்காரர்களே இடித்துப் போட்டவை. அவர் கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான்: "புகை திரும்புச்சுன்னா அடுப்பைத் திட்டாதீங்க அம்மிணி, குழாயைப் பாருங்க." அதன் அர்த்தம் எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது.

முதல் இரண்டு வருடம் ராஜபோகம். அத்தையின் இருமல் குறைந்தது, சுவரில் கரி படியவில்லை. 2017 ஐப்பசி மழையில் விறகு நனைந்தது. பற்றவைத்தால் புகை விறகு வாய் வழியாகவே முகத்தில் அடித்தது. குழாய் உயரம் பற்றவில்லை என்று நானே முடிவுகட்டி, இன்னும் மூன்றடி ஏற்றினேன். துளியும் பயனில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அத்தை தீயை எழுப்ப, காய்ந்த தென்னை மட்டை நாலைந்தை ஒன்றாகச் செருகினார். சடசடவென்று எரிந்த தீ குழாய்க்குள் ஏறியது. ரைஸ் மில் ஓடுவதுபோல ஒரு இரைச்சல். வெளியே ஓடிப் பார்த்தால் குழாய் உச்சியில் ஒரு முழத்துக்குத் தீ நாக்கு, பொறி பறந்து மாட்டுக் கொட்டகைக் கூரைப் பக்கம் விழுகிறது. அத்தை மட்டைகளை வெளியே இழுத்து மண் போட்டு அணைத்தார். நான் அடுப்பு வாயையும் கொடியடுப்பையும் தகரத்தால் மூடினேன், காற்று உள்ளே போகாதபடிக்கு. அப்புறம் கொட்டகைக் கூரையை நனைத்தோம். குழாய்க்குள் மட்டும் தண்ணீர் ஊற்றவில்லை. அவ்வளவு சூட்டில் ஊற்றினால் ஆவி குப்பென்று திரும்பி அடிக்கும், குழாயும் வெடித்துச் சிதறும். பத்து நிமிடத்தில் அடங்கியது. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரமானது.

மறுநாள் கொத்தனார் அண்ணன் வந்து குழாயைக் கழற்றிக் காட்டினார். நாலு அங்குலக் குழாயில், தீ எட்டாத வளைவில், ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மீதியெல்லாம் தார் பூசியதுபோலக் கறுத்துப் பளபளக்கும் கெட்டிப் பூச்சு. ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை விரட்டவே போய்விடுகிறது. சரியாக எரியாத புகை, குளிர்ந்த குழாயில் பட்டு இப்படிப் படிகிறது. படிந்தது விறகைவிட வேகமாகப் பற்றும். பழைய அஸ்பெஸ்டாஸ் குழாய் விரிசல் விட்டிருந்ததால் இரும்புத் தகட்டுக் குழாய்க்கு மாறினோம். உங்கள் வீட்டில் அஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதை அறுக்கவோ உள்ளே சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெரிய கேடு.

அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை குழாய் சுத்தம். அடுப்பு முழுக்க ஆறியபின், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கயிற்றில் தேங்காய் நார்ப் பந்தைக் கட்டி மேலிருந்து இறக்கி நாலு முறை இழுப்போம். கீழே வளைவில் திறக்கிற மாதிரி ஒரு மூடி வைத்திருப்பதால் கரி அங்கே கொட்டும். வெயில் காலத்தில் அரைப்படிகூட வராது. தொப்பியையும் பார்க்க வேண்டும். ஒரு பங்குனியில் மைனா அதற்குள் கூடு கட்டிவிட்டது.

குழாய் புகையை இழுக்கும் இழுவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊதுவத்தி போதும். சிறு தீ எரியும்போது அடுப்பு வாயருகே பிடித்தால், அதன் புகை உள்பக்கம் சாய வேண்டும். மேலே எழுந்தாலோ நம் பக்கம் வந்தாலோ எங்கோ அடைப்பு, அல்லது கொடியடுப்பில் பாத்திரம் இல்லாமல் திறந்து கிடக்கிறது. இரண்டாவதுதான் என் வீட்டில் அடிக்கடி நடப்பது. மழைநாள் காலையில் குழாயே சில்லிட்டுக் கிடக்கும். அப்போது அந்தக் கீழ் மூடியைத் திறந்து ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்தி வைத்துச் சூடேற்றிவிட்டு, மூடியபின் அடுப்பைப் பற்றவைப்பேன்.

அடுப்பில் விழும் விரிசலுக்குச் செம்மண், சாணம், உமி குழைத்துப் பூச்சு. விரிசலை நனைத்துவிட்டுப் பூசினால்தான் பிடிக்கும்.

விறகு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் மூடி, ஆறு மாதமாவது காய வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம். சீமைக் கருவேலமும் புளியும் நின்று எரிந்து நல்ல தணல் தரும். தென்னை மட்டை பற்றவைக்க மட்டும். அரளிக் குச்சி அடுப்புப் பக்கமே வரக்கூடாது, அதன் புகையும் விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பால் கவர் எதுவும் கூடாது. தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பு எரிப்பதில்லை, மழை அடித்தாலும். புகையே தெரியாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. கொடைக்கானல் பக்கம் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியைப் படித்தபின் ஒரு அலாரமும் வாங்கி மாட்டியிருக்கிறேன். தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் காரணம் தேடாமல் முதலில் வெளியே வந்துவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ சாக்கிலோ அள்ளுவதில்லை. மேலே ஆறியதுபோல இருந்தாலும் அடியில் கங்கு மறுநாள் வரை உயிரோடு கிடக்கும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, விறகுக் குவியலிலிருந்து தள்ளி, வெறும் தரையில் இரண்டு நாள் வைத்திருந்து, அப்புறம்தான் அத்தை அதைச் சலித்துத் துவரைக்கும் அவரைக்கும் எடுத்துக்கொண்டு போவார்.